லேபிள் ஒட்டிய சிறுவனின் கிறிஸ்துமஸ் பாட்டு



திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் நம் பங்குகளில் ஸ்டார் கட்டுவோர் ஒருபுறம், குடில் அமைப்போர் ஒருபுறம், கேரல் பாட்டுக்கு ஒத்திகை பார்ப்போர் ஒருபுறம் என்று ஊரே பரபரப்பாகிவிடுகிறது. தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு, சிவகாசி வட்டாரம் சற்றே மூச்சு விடுகின்ற காலமும் இதுதான். அப்படிப்பட்ட ஒரு மாலையில், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் சிலர் கூடி, ஓர் ஆங்கில இசை நாடகத்தைத் திரையிட்டுப் பார்த்தோம். நம் இளையோர் தங்கள் கிறிஸ்துமஸ் கலைவிழாவில் அதைத் தமிழில் நடிக்க விரும்பினார்கள். நடிக்கலாமா, நடித்தால் எதை வைப்பது, எதை விடுவது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எங்கள்மேல் விழுந்தது.

அந்த நாடகம், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கேரல் என்ற கதையின் பாடல் வடிவம். ஆலன் மென்கன் இசையில் 1994-ல் நியூயார்க் மேடையில் ஏறி, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் நடிக்கப்பட்டு, 2004 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன். கிறிஸ்துமஸ் முந்திய இரவில் அவனிடம் முதலில் அவனுடைய இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவி வருகிறது. பிறகு நேற்று, இன்று, நாளை என்று மூன்று ஆவிகள் வந்து அவன் வாழ்வை அவனுக்கே காட்டுகின்றன. விடியும்போது அவன் மனம் மாறிய மனிதனாக எழுகிறான்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூஜின் சிறுவயதைக் காட்டும் இடத்தில், கடனைத் திருப்பித் தர முடியாத அவனுடைய தகப்பனைச் சிறைக்குக் கொண்டு போகிறார்கள். குடும்பம் நின்று அழுகிறது. எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். வீட்டில் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதற்காகக் கட்டை அடுக்கியவர். பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர். படம் முடிந்ததும் அவர் எங்களிடம் ஒன்றுதான் கேட்டார். இந்தக் கதையை எழுதியவர் இதையெல்லாம் கேள்விப்பட்டு எழுதினாரா, பட்டு எழுதினாரா என்று.

நாங்கள் பாட்டு நன்றாயிருந்ததா, ஆட்டம் நன்றாயிருந்ததா என்று பேசத் தயாராயிருந்தோம். அவருடைய கேள்வி எங்களை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், டிக்கன்சின் வாழ்வைத்தான் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டு வயதில் ஒரு வேலை

சார்லஸ் டிக்கன்ஸ் 1812 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடுத்த பகுதியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பளப் பிரிவில் எழுத்தர். நல்ல மனிதர், கலகலப்பானவர்; ஆனால் வரவுக்குள் செலவு செய்யத் தெரியாதவர். சாத்தம் என்ற ஊரில் கழிந்த இளம் பருவம் சார்லசுக்கு இனிமையானது. பள்ளி இருந்தது, வீட்டில் புத்தகங்கள் இருந்தன. 1822-ல் குடும்பம் இலண்டனுக்கு மாறியது. அதன்பின் வீட்டில் கடன் ஏறியது. பொருள்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. சார்லசின் பள்ளிப் படிப்பு நின்றது.

1824 பிப்ரவரியில், பன்னிரண்டு வயது நிரம்பிய ஓரிரு நாள்களில், அந்தச் சிறுவன் வேலைக்கு அனுப்பப்பட்டான். தேம்ஸ் ஆற்றங்கரையில், எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது வாரன் என்ற பெயரில் காலணிக் கறுப்பு மை தயாரித்த கம்பெனி. மை அடைத்த ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, அதன்மேல் நீலத்தாள் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தை ஒழுங்காக வெட்டி, கடைசியில் லேபிள் ஒட்ட வேண்டும். இதுதான் வேலை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். வாரத்துக்கு ஆறு ஷில்லிங் கூலி.

இதைச் சொன்னபோது அந்த அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பசையும் தாளும் லேபிளும் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

வேலைக்குச் சேர்ந்த இரு வாரங்களுக்குள் தந்தை கைது செய்யப்பட்டார். ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய சுமார் 40 பவுண்டு கடனுக்காக அவரை மார்ஷல்சீ என்ற கடனாளிகள் சிறையில் அடைத்தார்கள். மகனின் வாரக் கூலியை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்தக் கடனை அடைக்க இரண்டரை ஆண்டு ஆகியிருக்கும். வாடகை கொடுக்க வழியின்றித் தாயும் சிறு பிள்ளைகளும் சிறைக்குள்ளேயே போய்த் தந்தையோடு தங்கினார்கள். சார்லஸ் மட்டும் வெளியே, வேற்றார் வீட்டில். தன் கூலியில் தானே ரொட்டி வாங்கித் தின்று, ஏழு நாளுக்கும் வருமாறு காசைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தான்.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. அவனுக்கு மூத்தவள் ஃபேனி. நன்றாகப் பாடுவாள், பியானோ வாசிப்பாள். அவள் அப்போது இலண்டன் அரச இசைக் கல்விக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி லேபிள் ஒட்டிய அதே நாள்களில் அக்காள் இசை பயின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சிறைக்குப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பார்கள். அவள் இசையில் பரிசு பெற்ற நாளில் சார்லசும் கூட்டத்தில் இருந்தான். அவள்மேல் பொறாமை இல்லை. ஆனால் தன் நிலையை எண்ணிய அந்தச் சிறுவனின் கண்ணீர் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் கேரலில் தனியே கிடக்கும் ஸ்க்ரூஜை வீட்டுக்கு அழைத்துப் போக வரும் தங்கைக்கு ஃபேன் என்று அவர் பெயர் வைத்தார். இந்தக் கதையை இசை நாடகமாக்குகிறவர்கள், இசை இந்தக் கதாசிரியருக்கு இன்பத்தோடு வலியையும் சேர்த்துக் கொடுத்த ஒன்று என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

மூன்று மாதங்களில் தந்தை வெளியே வந்தார். ஆனால் சார்லசின் வேலை உடனே நிற்கவில்லை. கம்பெனி வேறு தெருவுக்கு மாறியது. அங்கே வேகமாக வேலை செய்யும் சிறுவர்களைச் சன்னலோரம் உட்கார வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருநாள் தந்தையும் அதைப் பார்த்தார். பின்னர் கம்பெனியைச் சேர்ந்த உறவினரோடு அவருக்கு ஏற்பட்ட சண்டையில் மகன் வேலையிலிருந்து நின்றான். தாய் சமாதானம் பேசி மகனைத் திரும்ப அனுப்ப முயன்றார். தந்தை மறுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். தாயின் அந்த ஒரு முயற்சியைச் சார்லஸ் கடைசிவரை மறக்கவில்லை.

அவர் தாயை நாம் எளிதில் குறை சொல்ல முடியுமா? நம் பகுதியில் எத்தனை தாய்மார்கள், விடியுமுன்னே ஆலை வண்டி வரும் சத்தம் கேட்டுத் தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள்! அவர்கள் மனம் கல் அல்ல. மானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டில் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் பிள்ளையின் கூலி.

கோபம் கதையாகிறது

பள்ளிக்குத் திரும்பிய சார்லஸ் பதினைந்து வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சுருக்கெழுத்து கற்றார். நாடாளுமன்றச் செய்தியாளர் ஆனார். 1836-ல் முதல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு கேத்தரின் ஹோகார்த்தை மணந்தார். பிக்விக், ஆலிவர் ட்விஸ்ட் என்று அடுத்தடுத்து வந்த கதைகளால் முப்பது வயதுக்குள் ஆங்கிலம் பேசும் உலகமெங்கும் அவர் பெயர் பரவியது. ஆனால் தான் லேபிள் ஒட்டிய கதையை அவர் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. ஜான் ஃபார்ஸ்டர் என்ற நண்பரிடம் மட்டும் பின்னாளில் எழுதிக் கொடுத்தார்.

1843-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் சிறுவர் உழைப்பை விசாரித்த அரசு ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை வெளிவந்தது. சுரங்கங்களைப் பற்றிய முதல் அறிக்கை 1842-லேயே வந்து, பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டத்துக்கு வழி செய்திருந்தது. இரண்டாம் அறிக்கை தொழிற்கூடங்களையும் கைத்தொழில்களையும் பற்றியது. ஆணையத்தில் இருந்த மருத்துவர் சவுத்வுட் ஸ்மித் அதை டிக்கன்சுக்கு அனுப்பினார். படித்த டிக்கன்ஸ் பதறிப்போனார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டு வெளியீடு எழுதப் போவதாக முதலில் சொன்னார். சில நாள்களில் மனம் மாறி, ஆண்டு இறுதிவரை பொறுத்திருக்கும்படியும், அதைவிடப் பல மடங்கு வலிமையான அடி ஒன்றைத் தாம் கொடுக்கப் போவதாகவும் மருத்துவருக்கு எழுதினார்.

செப்டம்பரில் இலண்டனின் சேரி ஒன்றில் கந்தலணிந்த பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். அக்டோபரில் தொழில் நகரமான மான்செஸ்டரில் உழைப்பாளர் கல்விக்காகப் பேசினார். திரும்பி வந்து ஆறு வாரத்தில் எழுதி முடித்ததே கிறிஸ்துமஸ் கேரல். அப்போது அவருக்கே பணமுடை. வெளிவந்துகொண்டிருந்த தொடர்கதை சரியாக விற்கவில்லை. வீட்டில் நான்கு குழந்தைகள், ஐந்தாவது பிறக்கவிருந்தது. கடன் பயம் என்ன என்பது தெரிந்த மனிதர், கடன் பயத்தோடேயே கடனற்ற கஞ்சனைப் பற்றி எழுதினார்.

1843 டிசம்பர் 19 அன்று நூல் வெளிவந்தது. ஆறாயிரம் பிரதிகளும் கிறிஸ்துமசுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆனால் அழகான அட்டை, வண்ணப் படங்கள் என்று தயாரிப்புக்குச் செலவழித்துவிட்டு, ஐந்து ஷில்லிங் என்று விலையைக் குறைத்து வைத்ததால், ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்த அவருக்கு அந்த முதல் பதிப்பில் கிடைத்தது சுமார் 230 பவுண்டுதான். திருட்டுப் பதிப்பு போட்டவர்கள்மேல் வழக்குத் தொடுத்து வென்றார். அவர்கள் திவாலானதாகச் சொல்லிவிட, செலவெல்லாம் இவர் தலையில் விழுந்தது. கஞ்சத்தனத்தைக் கண்டித்த கதை, எழுதியவரைச் செல்வராக்கவில்லை.

பாட்டும் நாடகமும்

இந்தக் கதையைப் பாட்டோடு நடிப்பது நேற்று வந்த பழக்கமல்ல. டிக்கன்சே நூலுக்குக் கேரல் என்று பெயரிட்டார். அத்தியாயங்களை இசைக்குரிய சொல்லால் ஐந்து பாட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். 1844 பிப்ரவரி 5 அன்று, நூல் வெளிவந்து ஏழு வாரமே ஆன நிலையில், எட்வர்ட் ஸ்டிர்லிங் என்பவர் டிக்கன்சின் ஒப்புதலோடு இலண்டனில் அதை மேடையேற்றினார். அதே மாதத்திலேயே வேறு பல அரங்குகளும் ஒப்புதலின்றி நடித்தன. ஸ்டிர்லிங்கின் நாடகத்தை டிக்கன்ஸ் போய்ப் பார்த்தார். மற்றவற்றைவிடப் பரவாயில்லை என்று தோன்றியும், அவருக்கு மனம் நொந்துபோனது. ஆக, இந்தக் கதையின் நாடக வடிவத்துக்கு முதலில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களில் அதன் ஆசிரியரும் ஒருவர்.

தொலைக்காட்சியும் இந்தக் கதையை விடவில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் மார்ச் ஸ்க்ரூஜாக நடிக்க, பெர்னார்ட் ஹெர்மன் இசையில் ஒரு மணி நேர இசை நாடகம் ஒளிபரப்பானது. 1956-ல் இன்னொன்று. 1962-ல் மிஸ்டர் மகூ என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை ஸ்க்ரூஜாக்கிக் குழந்தைகளுக்காக ஒன்று; அதில் ஆவிகளின் வரிசையே மாறிப்போனது, ஸ்க்ரூஜின் மருமகனும் காணாமல் போனான். மாற்றங்கள் எல்லாமே பிழை என்று நாம் சொல்லவில்லை. நம் கோயில் திருவிழா நாடகங்களிலும் நேரத்துக்கும் நடிகருக்கும் ஏற்பச் சேர்ப்பதும் விடுவதும் உண்டு. எதைச் சேர்த்தார்கள், அதனால் கதையின் மனம் எங்கே போனது என்பதே பார்க்க வேண்டியது.

அந்த அக்காவை நிமிரச் செய்த காட்சிக்கு வருவோம். தகப்பன் கடனுக்காகச் சிறை போகும் காட்சி டிக்கன்சின் நூலில் இல்லை. நூலில் வரும் சிறுவன் ஸ்க்ரூஜ், விடுமுறைக்கு எல்லாரும் வீடு சென்ற பின் விடுதிப் பள்ளியில் தனியாக விடப்பட்டவன். அவ்வளவுதான். 2004 நாடகத்தை உருவாக்கியவர்கள், ஆசிரியரின் சொந்தக் காயத்தை எடுத்து அவருடைய பாத்திரத்தின்மேல் வைத்துவிட்டார்கள்.

இது நியாயமா? எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. ஒருசாரார் நியாயம் என்றார்கள். ஸ்க்ரூஜ் ஏன் காசைப் பிடித்துக்கொண்டான் என்பது அந்தக் காட்சியால் ஒரு பார்வையில் விளங்குகிறது. அவன் பேராசைக்குள் பயம் இருக்கிறது. நூலிலும் அவனை மணக்கவிருந்த பெண் அவனை விட்டு விலகும்போது, உலகத்துக்கு அவன் மிதமிஞ்சி அஞ்சுவதைத்தான் காரணமாகச் சொல்கிறாள். எனவே நாடகக்காரர்கள் வேரில்லாத இடத்தில் செடி நடவில்லை. நம் ஊர்களிலும் பட்டினியிலிருந்து மேலேறிய சிலர், பட்டினி கிடப்போரைக் கண்டு முகம் திருப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைப் புரிந்துகொள்ள இக்காட்சி உதவும்.

மறுசாராரின் கருத்து வேறாயிருந்தது; நாங்கள் கடைசியில் அதன் பக்கமே சாய்ந்தோம். டிக்கன்ஸ் தன் காயத்தை ஸ்க்ரூஜுக்குக் கொடுக்கவில்லை என்பது தற்செயல் அல்ல. அவர் அதை வேறு இடங்களில் வைத்தார். இலண்டன் வந்த புதிதில் தன் குடும்பம் வறுமையில் வாழ்ந்த கேம்டன் டவுன் பகுதியையே ஏழை எழுத்தன் பாப் கிராட்சிட்டின் குடியிருப்பாக்கினார். ஃபேனியின் நலிந்த மகனே சிறுவன் டிம்முக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுவதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிகழ்காலத்தின் ஆவி தன் அங்கியை விலக்கும்போது காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழந்தைகள். பையன் அறியாமை, பெண் இல்லாமை. நைந்த துணியும் நரைத்த முகமும் ஓநாய்ப் பார்வையுமாக நிற்கும் அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று ஸ்க்ரூஜ் கேட்கும்போது, அவர்கள் மனிதருடைய பிள்ளைகள் என்று ஆவி தெரிவிக்கிறது. இருவரில் பையனுக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்றும் எச்சரிக்கிறது.

அரசு அறிக்கையைப் படித்த கோபம் உட்கார்ந்திருப்பது இந்த இடத்தில்தான். அந்த இரு குழந்தைகளும் ஸ்க்ரூஜுக்குச் சிறுவயதில் யார் துன்பம் செய்தார்கள் என்று கேட்பதில்லை. இன்றைக்கு எங்களுக்கு என்ன செய்யப் போகிறாய் என்பதே அவர்கள் நிற்கும் நிலையின் கேள்வி. பணக்காரனின் பழைய காயத்துக்காக நம்மை அழ வைக்கும் நாடகம், அந்த அழுகையிலேயே நம் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணச் செய்யும் ஆபத்து உண்டு. மேலும், டிக்கன்ஸ் தாமே மறுப்புக்குச் சான்று. அதே சிறை, அதே கடன், அதே லேபிள். ஆனால் அவர் ஸ்க்ரூஜ் ஆகவில்லை. காயம் ஒருவனைக் கல்லாக்கித்தான் தீர வேண்டும் என்று சட்டமில்லை.

குறைகளும் உள்ள மனிதர்

இப்படிச் சொல்வதால் டிக்கன்சைப் புனிதராக்கிவிட வேண்டாம். அவர் கத்தோலிக்கர் அல்லர். நம் திருச்சபையைப் பற்றிக் கடுமையாக எழுதியவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்றுத் தந்த மனைவியை 1858-ல் பிரிந்து, அவரை ஊரார் முன் நோகச் செய்தார். 1857-ல் நம் நாட்டில் எழுந்த கிளர்ச்சியின்போது, இந்திய இனத்தையே அழித்துவிட வேண்டும் என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். இலண்டன் சேரியின் குழந்தைக்காகக் கலங்கிய உள்ளம் கடல் கடந்த மக்களை மனிதராகக் காணத் தவறியது. அதே ஆண்டு இந்தியாவுக்குப் படைப்பணிக்கு வந்த அவர் மகன் வால்டர், கடன்பட்ட நிலையில் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தார். வயது 22. தாத்தாவைச் சிறைக்கு அனுப்பிய கடன், பேரனையும் விடவில்லை.

அதே கல்கத்தாவில்தான், 1922-ல் சிவகாசியிலிருந்து சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பி அவர்கள் தொடங்கிய தொழில், வானம் பார்த்த கரிசல் மண்ணுக்குச் சோறு போட்டது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று வளர்ந்து சிவகாசி குட்டி ஜப்பான் ஆனது. அந்த உழைப்பையும் துணிவையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வளர்ச்சியின் அங்கிக்கடியிலும் குழந்தைகள் நின்றார்கள். 1990-ல் வந்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற ஆவணப்படம் அவர்களை உலகுக்குக் காட்டியது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவர்களை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதி பிள்ளையின் நலனுக்கு என்பது அதன் சாரம். பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்குச் சோற்றுக்கு வழி வேண்டும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

அதற்கும் முன்பே இதை உணர்ந்த ஒருவர் விருதுநகரிலேயே பிறந்திருந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து, படிப்பை இடையில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலை செய்த காமராசர், முதலமைச்சரானதும் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். அறியாமை, இல்லாமை என்ற இரு குழந்தைகளையும் ஒரே கையால் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துவந்த செயல் அது. அவருக்கும் அவருடைய காயம் ஒரு சாக்காகவில்லை, பொறுப்பாக மாறியது.

இன்று ஆலைகளில் சிறுவர் கூட்டம் முன்புபோல் இல்லை. அது பெரிய மாற்றம். பலருடைய உழைப்பின் பலன். ஆனாலும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களும் வெடிவிபத்தில் போயின. அப்படிப்பட்ட ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு வருமானத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறது. மருத்துவச் செலவுக்கும் திருமணச் செலவுக்கும் வாங்கிய வட்டிப்பணம் இன்றும் பிள்ளைகளின் படிப்பின் கழுத்தைப் பிடிக்கிறது. மார்ஷல்சீ சிறை 1842-லேயே மூடப்பட்டுவிட்டது. கடன் என்ற சிறைக்கு இன்னும் பூட்டு விழவில்லை.

எங்கள் தீர்ப்பு

ஆகவே இளையோருக்கு நாங்கள் சொன்னது இதுதான். நாடகத்தை நடியுங்கள். பாட்டு வேண்டும், கதையின் பெயரே பாட்டு. தகப்பன் சிறை போகும் காட்சியை வைக்க விரும்பினால் வையுங்கள், நம் மக்களுக்கு அது புரியும். ஆனால் நேரம் போதவில்லை என்று எதை வெட்டினாலும், அங்கிக்கடியில் நிற்கும் இரு குழந்தைகளை வெட்டாதீர்கள். அந்த இடத்தில் பாட்டு வேண்டாம், மேளம் வேண்டாம். இரண்டு பிள்ளைகள் மக்களைப் பார்த்துச் சும்மா நிற்கட்டும். ஸ்க்ரூஜ் மனம் மாறியதும் வான்கோழி வாங்கி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். அவன் தன்னிடம் வேலை செய்தவனின் சம்பளத்தை உயர்த்தினான் என்பதையும் மறவாமல் காட்டுங்கள். தருமம் ஒருநாள் சோறு. நியாயமான கூலி ஆண்டு முழுவதும் சோறு.

டிக்கன்ஸ் தாமும் இந்தக் கதையை மேடையில் வாசித்துக் காட்டியவர். 1853 டிசம்பரில் பர்மிங்காமில் தொடங்கினார். அங்கே உழைப்பாளர்கள் வருவதற்காகக் குறைந்த கட்டணத்தில் தனியாக ஒரு வாசிப்பும் நடத்தினார். 1870 மார்ச் 15 அன்று அவர் கடைசியாக மேடையேறியபோதும் இந்தக் கதையை வாசித்தார். அதே ஆண்டு ஜூன் 9 அன்று இறந்தார்.

அவருடைய கடைசிக் கிறிஸ்துமசைப் பற்றி மகன் ஹென்றி பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி உண்டு. 1869-ல் வீட்டில் எல்லாரும் ஒரு ஞாபக விளையாட்டு விளையாடினார்கள். முன்னவர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லி, தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். தந்தையின் முறை வந்தபோது, கண்ணில் ஒரு விநோதமான ஒளியோடு அவர் சேர்த்தது, பழைய காலணி மைக் கம்பெனியின் பெயரும் தெருவும். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளையாட்டு தொடர்ந்தது. அவர் இறந்த பின் ஃபார்ஸ்டரின் நூலைப் படித்தபோதுதான், தந்தை அன்று எதைச் சொல்லிப் பார்த்தார் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்ததைக் கிறிஸ்துமஸ் நாளில், விளையாட்டுப் போலத்தான், ஒரு மனிதரால் வெளியே சொல்ல முடிந்தது. நாங்கள் இதைச் சொல்லி முடித்தபோது, அந்த அக்கா தன் மகளிடம் தாம் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசின் கதையை இதுவரை சொன்னதில்லை என்றார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்த ஆண்டு சொல்லப் போவதாகவும் சொன்னார்.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28 அன்று, திருச்சபை மாசற்ற குழந்தைகளை நினைவுகூருகிறது. குடிலின் விளக்குகள் அணையுமுன்பே, குழந்தைகளுக்குப் பெரியவர்கள் செய்யும் தீங்கை நம் நாள்காட்டி நமக்கு நினைவூட்டிவிடுகிறது. இந்த ஆண்டு நம் வீட்டில் யாராவது ஒருவர் தன் சிறுவயதுக் கதையைச் சொல்லத் தொடங்கினால், தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்போம். கேட்டுவிட்டு, நம் தெருவில் பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளை யார் என்று விசாரிப்போம்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள்.